காடும் அடுப்பும்

நுழையும்முன்

காட்டைப் பற்றிய பேச்சு மரங்களில் தொடங்கி மரங்களிலேயே முடிந்துவிடுவது வழக்கம். அடுப்பைப் பற்றிய பேச்சோ சமையலறைச் சுவரைத் தாண்டுவதில்லை. ஆயினும், மலைச்சிற்றூர்களில் காட்டிலிருந்து அடுப்புவரை நீளும் பாதையில் நாள்தோறும் நடப்பவர் பெரும்பாலும் பெண்ணே. அப்பாதையின் ஒரு முனையில் காட்டின் நலமும் மறுமுனையில் அவருடைய உடல்நலமும் உள்ளன. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகச் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலை எழுந்து நிற்கிறது. சேலம் நகரிலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டை அடையலாம். ஏரியும் காடும் சேர்ந்து ‘ஏரிக்காடு’ என்றாகி, அதுவே ஏற்காடு என மருவியது என்பர். அவ்வூரின் முதன்மையான சாலைச் சந்திப்புகளுள் ஒன்று ஒண்டிக்கடை. ‘ஒண்டி’ என்பதற்குத் தனித்தது என்று பொருள். ஒற்றைக் கடையைச் சுட்டும் பெயரைத் தாங்கிய அவ்விடம், இன்று கடைகளும் வண்டிகளும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த இடமாக விளங்குகிறது. அங்கிருந்து பிரியும் சாலைகள் காப்பித் தோட்டங்களையும் மலைச்சிற்றூர்களையும் நோக்கிச் செல்கின்றன.

இம்மலையின் தொல்குடிகள் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் கேரள மாநிலத்தவரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்குவது. கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை ஆகியவற்றிலும் இம்மக்கள் வாழ்கின்றனர். கேழ்வரகு, சாமை, தினை முதலிய சிறுதானியங்கள் இவர்களின் மரபுவழிப் பயிர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் மலையின் பெரும்பகுதி தோட்டங்களாக மாறியது. இன்று காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

ஆகவே, இம்மலையில் மூவகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசின் காப்புக்காடுகள் ஒருவகை. தனியார் தோட்டங்கள் மற்றொரு வகை. மலைவாழ் மக்களின் பட்டா நிலங்களும் ஊர்ப் பொதுநிலங்களும் மூன்றாம் வகை. அடுப்பில் எரியும் விறகு இம்மூன்றிலிருந்தும் வருகிறது. காட்டில் உதிர்ந்த சுள்ளிகள், காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் குச்சிகள், நிழல்மரங்களைக் கழிக்கும்போது விழும் கிளைகள், வேலியோரத்து மிலாறுகள் ஆகிய யாவும் விறகே. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால்தான், விறகு பொறுக்குவோரே காட்டை அழிக்கின்றனர் என்னும் கூற்றைச் சரியாக எடைபோட இயலும்.

1975ஆம் ஆண்டில் எரிக் எக்கோம் என்னும் அமெரிக்க ஆய்வாளர், எண்ணெய் நெருக்கடியைப் போலவே விறகு நெருக்கடியும் ஏழை நாடுகளை வாட்டுகிறது என்று எழுதினார். அதன் விளைவாக, அடுப்பே காட்டின் முதற்பகை என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியது. பிற்காலக் கள ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைக் காட்டின. சிற்றூர்க் குடும்பங்கள் மரத்தை வெட்டுவதைவிட உலர்ந்த கிளைகளைப் பொறுக்குவதே மிகுதி. அவ்விறகிலும் கணிசமான பங்கு வேளாண் நிலங்களிலிருந்து கிடைக்கிறது. காடழிப்பிற்குப் பெருங்காரணங்கள் நிலத்தை வேறு பயன்பாட்டிற்கு மாற்றுதலும் வணிக நோக்கில் மரம் வெட்டுதலுமே. எனினும், ஓரிடத்தில் மக்கள்தொகையும் சந்தைத் தேவையும் பெருகும்போது, விறகு சேகரிப்பும் காட்டை நலிவடையச் செய்யும். தேநீர்க் கடைகளும் விடுதிகளும் பெருகிய சுற்றுலா ஊர்களைச் சூழ்ந்த காடுகளுக்கு இது பொருந்தும். வீட்டிற்காகச் சுள்ளி பொறுக்குவது வேறு. விற்பனைக்காக மரம் வெட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் விதிக்கப்படும் தடை, ஏழையின் சும்மாட்டின்மீதே முதலில் விழும்.

விறகின் கணக்கு

விறகைக் காசு கொடுத்து வாங்காதவரை, அது விலையில்லாப் பொருளாகத் தோன்றும். உண்மையில் அதன் விலை உழைப்பாகவும் நேரமாகவும் செலுத்தப்படுகிறது. இதனை எளிய கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம்.

வீடுகளுக்கு வழங்கப்படும் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு உள்ளது. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்ப ஆற்றலைத் தரும். எரிவாயு அடுப்பின் திறன் ஏறத்தாழ 55 விழுக்காடு எனக் கொண்டால், ஓர் உருளையிலிருந்து பாத்திரத்தைச் சென்றடையும் வெப்பம் சுமார் 360 மெகாஜூல். உலர்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15 மெகாஜூல் வெப்பத்தைத் தரும். மூன்று கற்களைக் கூட்டி அமைக்கும் அடுப்பில் அவ்வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே பாத்திரத்திற்குச் செல்கிறது. எஞ்சியது காற்றில் கலந்துவிடுகிறது. எனவே, ஓர் எரிவாயு உருளை செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 160 முதல் 240 கிலோ விறகு தேவைப்படும். ஒரு தலைச்சுமை 20 கிலோ என்று கொண்டால், அது 8 முதல் 12 சுமைகளுக்குச் சமம்.

மலைச்சரிவில் இச்சுமையைத் தலையில் ஏற்றி இறங்குவோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. காட்டின் விளிம்பு ஊரைவிட்டு விலக விலக, அவர்கள் நடக்கும் தொலைவு கூடுகிறது. மழைக்காலத்தில் ஈரவிறகு எரியாது. ஆகவே, கோடையிலேயே சேர்த்துப் பரணில் அடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய நேரமும் கூலிவேலைக்குச் செல்ல வேண்டிய நேரமும் இவ்வாறு விறகாக மாறுகின்றன. குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கில் இச்செலவு எழுதப்படுவதில்லை.

புகையின் விலை

விறகு முழுமையாக எரிவதில்லை. போதிய காற்று கிடைக்காத இடத்தில் அது கார்பன் மோனாக்சைடு நச்சுவளியையும் நுண்துகள்களையும் வெளிவிடுகிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய துகள்கள் நுரையீரலின் ஆழத்திற்குச் செல்ல வல்லவை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளின் நிமோனியா, இதயநோய், கண்புரை ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்புண்டு என்பதை மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. சென்னையிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் சமையல் புகையின் அளவை நேரடியாக அளந்தனர். பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான அவ்வாய்வுகள், சமைப்பவர்மீதே புகையின் தாக்கம் மிகுதி என்பதை எண்களால் காட்டின. சமைக்காமல் வீட்டினுள் இருக்கும் முதியோரும் குழந்தைகளும்கூட அதிலிருந்து தப்புவதில்லை என்பதும், சமையலறையின் அமைப்பைப் பொறுத்துப் புகையின் அளவு மாறுகிறது என்பதும் தெரியவந்தன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள். ஊதாங்குழலை எடுத்து ஊதும் ஒவ்வொரு முறையும் நெருப்பு உயிர்பெறுகிறது. ஊதுபவரின் மூச்சோ அதன்பொருட்டுச் செலவாகிறது.

காடு யாருடையது?

அடுப்பின் தேவை இத்தகையதாயின், அத்தேவையை நிறைவேற்றும் காட்டின்மீது யாருக்கு உரிமை என்னும் வினா எழுகிறது. இதற்கான விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்புப்பாதைகள் பெருகியபோது, குறுக்குக் கட்டைகளுக்கும் நீராவிப் பொறிகளின் எரிபொருளுக்கும் மரங்கள் பேரளவில் தேவைப்பட்டன. 1864ஆம் ஆண்டில் ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக அமர்த்தப்பட்டார். 1882ஆம் ஆண்டில் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பரந்த நிலப்பரப்புகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அதுவரை வழக்கத்தால் நுகரப்பட்ட விறகும் தழையும் மேய்ச்சலும் அதன்பின் அனுமதிக்கு உட்பட்டவை ஆயின. முன்னாளில் உரிமையாக இருந்தது சலுகையாகவும், சில இடங்களில் குற்றமாகவும் மாறியது. மக்களின் மனக்குறை பெருகவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் சில காடுகள் ஊர்மக்களின் வனப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டில் வெளியான தேசிய வனக்கொள்கை, காட்டருகே ஓர் ஊர் அமைந்திருப்பது தற்செயல் என்றும், அதனால் நாட்டின் பொதுநலன் பின்தள்ளப்படலாகாது என்றும் கருதியது. 1988ஆம் ஆண்டின் கொள்கையோ இப்பார்வையை மாற்றியது. காட்டிலும் காட்டருகிலும் வாழும் பழங்குடியினர், ஏழையர் ஆகியோரின் விறகு, தீவனம் முதலிய வீட்டுத் தேவைகளே காட்டு விளைபொருள்களின்மீது முதல் உரிமை உடையவை என்று அது அறிவித்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் நடுவண் அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, கூட்டு வன மேலாண்மைக்கு வழிவகுத்தது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு உதவியுடன் சமூகக்காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பரப்புகளில் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. விறகுப் பற்றாக்குறையைப் போக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1997ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. அதன்வழி ஊர்தோறும் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. குடும்பத்திற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர் ஆகலாம் என்பது இக்குழுக்களின் சிறப்பு. ஊர்மக்களும் வனத்துறையினரும் கலந்து நுண்திட்டம் வகுத்து, நலிந்த காட்டைப் பேணினர். எனினும், திட்ட நிதி உள்ளவரை இயங்கி, நிதி முடிந்ததும் ஓய்ந்துவிடும் நிலை கூட்டு வன மேலாண்மைக் குழுக்கள் பலவற்றுக்கும் நேர்ந்தது. குழுவின் செயலர் பொறுப்பு வனத்துறையிடமே இருந்தமையால், முடிவெடுக்கும் ஆற்றல் மக்களிடம் முழுமையாகச் சேரவில்லை என்னும் கருத்தும் உண்டு.

பொதுவளம் அழிந்துதான் தீருமா?

மக்களிடம் காட்டை ஒப்படைக்கத் தயங்குவோர், பொதுச்சொத்து எப்போதும் பாழாகும் என்று வாதிடுவர். அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் ஆதாயத்திற்காக மேலும் ஒரு மாட்டை விடுவர். இறுதியில் நிலமே அழியும் என்பது அவர் வாதம்.

இதனை மறுத்தவர் எலினார் ஆஸ்ட்ரம். உலகின் பல பகுதிகளிலுள்ள காடுகள், மேய்ச்சல் நிலங்கள், பாசனக் கால்வாய்கள், மீன்பிடி நீர்நிலைகள் ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார். ஹார்டின் கூறியது யாருக்கும் பொறுப்பில்லாத, விதியற்ற நிலத்திற்கே பொருந்தும் என்பதைக் காட்டினார். எல்லை தெளிவாக இருத்தல், விதிகளைப் பயனாளிகளே வகுத்தல், கண்காணிப்பு, மீறுவோருக்குப் படிப்படியான தண்டனை, பூசலைத் தீர்க்க எளிய வழி, தம்மைத் தாமே ஆளும் உரிமையை அரசு ஏற்றல் முதலியன அமைந்த இடங்களில் பொதுவளம் தலைமுறை தலைமுறையாக நிலைக்கிறது என்றார். இவ்வாய்விற்காக 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. ஏரி மடையைத் திறக்கவும் மூடவும் ‘நீர்க்கட்டி’யை அமர்த்தி, குடிமராமத்து முறையில் ஏரிகளைப் பேணிய தமிழகச் சிற்றூர்களுக்கு இக்கருத்து புதிதன்று.

காடுகளைப் பொறுத்தவரை, ஆஸ்ட்ரம் கூறியவற்றுக்குச் சான்றாகப் பல நிகழ்வுகள் உள்ளன. மேற்கு வங்கத்தின் மிதுனாபூர் மாவட்டத்தில் அரபாரி என்னும் இடத்துச் சால மரக்காடு, விற்பனைக்காக விறகு வெட்டியதால் கட்டைகளாய்க் குறுகியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் வன அலுவலர் அஜித் குமார் பானர்ஜி, சுற்றியிருந்த 11 சிற்றூர் மக்களிடம் ஓர் உடன்பாட்டை முன்வைத்தார். அவர்கள் காட்டைக் காத்தால் வேலையும், விளைச்சல் வருவாயில் 25 விழுக்காடும் அவர்களுக்குக் கிடைக்கும் என்பதே அவ்வுடன்பாடு. வெட்டுப்பட்ட அடிமரங்கள் துளிர்த்தன, காடு மீண்டது. வெட்டியவர்களே காவலர் ஆயினர். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில், காட்டுரிமை பறிபோனதை எதிர்த்து 1921ஆம் ஆண்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் 1931ஆம் ஆண்டில் வனப் பஞ்சாயத்து விதிகள் வகுக்கப்பட்டன. அப்பஞ்சாயத்துகள் இன்றும் உள்ளன. அண்டை நாடான நேபாளம் 1993ஆம் ஆண்டின் வனச்சட்டத்தின்வழி 20,000-க்கும் மேற்பட்ட சமூகக் காட்டுப் பயனாளர் குழுக்களை உருவாக்கியது. மொட்டையாயிருந்த மலைச்சரிவுகள் பல அங்குப் பசுமை பெற்றன.

உரிமையும் பொறுப்பும்

இந்தியாவில் இத்திசையில் எடுக்கப்பட்ட பெருமுயற்சி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இச்சட்டம் தனியாள் சாகுபடி உரிமையோடு நின்றுவிடவில்லை. ஊர்மக்கள் வழிவழியாகப் பேணிவந்த காட்டைக் காக்கவும் மீளுருவாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, புதர்க்குச்சி, அடிக்கட்டை ஆகியவற்றைச் சிறுவனப் பொருள்களாக வரையறுத்து, அவற்றைச் சேகரிக்கும் உரிமையையும் வழங்கியது. உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. அதே சட்டம், காட்டையும் காட்டுயிரையும் நீர்நிலைகளையும் காக்கும் கடமையைக் கிராம சபைக்கு அளிக்கிறது.

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா லேகா என்னும் கோண்டு பழங்குடியினர் சிற்றூர், 2009ஆம் ஆண்டில் சமூக வன உரிமையைப் பெற்று நாட்டுக்கே முன்னோடி ஆயிற்று. 2011ஆம் ஆண்டில் மூங்கிலை வெட்டி விற்பதற்கான அனுமதிச் சீட்டை வழங்கும் பொறுப்பும் அவ்வூர்க் கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. காட்டின் வருவாய் ஊர்ப் பொதுநிதியாகச் சேர்ந்தது. உரிமை உறுதியான பின்னரே நெடுங்காலத் திட்டம் வகுக்க இயலும் என்பதை இது காட்டுகிறது. நாளை தமக்குக் கிடைக்குமா என்று அறியாதவர், இன்றே எடுத்துக்கொள்ள முனைவது இயல்பு.

அடுப்பை மாற்றிய முயற்சிகள்

காட்டைக் காக்கும் முயற்சி ஒருபுறம் நடக்க, அடுப்பைத் திருத்தும் முயற்சியும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. தமிழகத்தைச் சேர்ந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம், வார்தாவிலுள்ள மகன்வாடியில் இயங்கியது. அங்கு 1940களில் ‘மகன் சூல்ஹா’ என்னும் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு உருவாக்கப்பட்டது. பின்னர், 1980களில் நடுவண் அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டு அத்திட்டம் முடிவுறுவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆயினும், அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே உடைந்தும் பயன்படாமலும் போயின. ஒடிசாவில் பிற்காலத்தில் நடந்த ஆய்வொன்றும், பழுதுபார்ப்பும் பேணுதலும் இல்லாத அடுப்புகளின் பயன்பாடு ஆண்டுதோறும் குறைந்தது என்றும், உடல்நலத்தில் நீடித்த மாற்றம் ஏற்படவில்லை என்றும் கண்டது. இலக்கை எட்டுவதற்காகக் கொடுக்கப்பட்ட அடுப்பு, சமைப்பவரைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று.

இதற்கு மாறாக, இலங்கையில் 1980களில் உருவான ‘அனகி’ என்னும் இருவாய் மண்ணடுப்பு இன்றும் சந்தையில் விற்கப்படுகிறது. உள்ளூர்க் குயவர்களே அதனைச் செய்தனர். உடைந்தால் குறைந்த விலைக்கு மற்றொன்றை வாங்க முடிந்தது. பயனரின் சமையல் பழக்கத்திற்கு அது ஒத்திருந்தது. அதன் நீடித்த வாழ்விற்கு இவையே காரணங்கள்.

தெரிந்து தெளிவோம்

ஒரு நெருப்பால் இரண்டு பாத்திரங்களைச் சூடாக்கும் அறிவு தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. முதன்மை அடுப்பின் தீ பக்கத்துத் துளைவழியே சென்று அடுத்த வாயையும் சூடாக்கும் அமைப்பைக் ‘கொடியடுப்பு’ என்பர். முதன்மை அடுப்பில் சோறு வேகும்போதே, கொடியடுப்பில் குழம்போ வெந்நீரோ சூடேறும்.

அடுத்த பெருமாற்றம் எரிவாயுவால் வந்தது. தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே முதல் நாளில் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கி, பெண்களின் பெயரில் இணைப்பு வழங்கியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இந்தியாவில் 58.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு. இது பெருமைக்குரிய முன்னேற்றம்.

ஆனால், இணைப்புப் பெற்ற வீட்டிலும் விறகடுப்பு அணைந்துவிடுவதில்லை. இரு எரிபொருள்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. அதற்கு மக்களிடம் தக்க காரணங்கள் உண்டு. உருளையை மீண்டும் நிரப்ப ஒரே முறையில் பெருந்தொகை தேவை. கூலி வருவாயோ நாள்தோறும் சிறிது சிறிதாக வருவது. சாலை வசதியற்ற மலைச்சிற்றூருக்கு உருளை வந்து சேர்வது அரிது. கேழ்வரகுக் களியைத் துடுப்பால் கிண்டுவதற்கு அசையாத, உறுதியான அடுப்பு வேண்டும். குளிர்மிகுந்த மலையில் விறகடுப்பு வெந்நீர் தருகிறது. வீட்டையும் கதகதப்பாக வைக்கிறது. அதன்மேல் பரணில் விறகும் தானியமும் உலர்கின்றன. சாண எரிவாயுவும் நல்ல மாற்றே. ஆயினும், அதனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் குளிரில் மெதுவாகவே செயல்படும். ஆதலால் மலைப்பகுதியில் குளிர்காலத்தில் வாயு குறைகிறது. சமவெளியில் வெற்றி பெற்ற தீர்வு, மலையில் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

இரண்டையும் இணைக்கும் வழி

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓருண்மை புலப்படுகிறது. காட்டுத் திட்டம் வனத்துறைக் கோப்பிலும் அடுப்புத் திட்டம் எரிபொருள் முகமைக் கோப்பிலும் தனித்தனியே கிடக்கும்வரை, இரண்டும் பாதிப்பயனே தரும். இரண்டும் சந்திக்கும் இடம் கிராம சபை. அங்கு அடுப்பருகே இருப்பவரும் காட்டருகே இருப்பவரும் ஒருவரே.

சேர்வராயன் மலை போன்ற இடத்தில் ஒரு கிராம சபை செய்யக்கூடியவை பல. எந்தச் சரிவில், எந்த மாதங்களில், எவ்வளவு உலர்விறகு எடுக்கலாம் என வரையறுக்கலாம். பச்சை மரத்தைத் தொடாமை, சரிவுகளைச் சுழற்சி முறையில் மூடிவைத்தல், விற்பனைக்கான வெட்டைத் தடுத்தல் ஆகிய விதிகளைத் தானே வகுக்கலாம். காட்டை மூடி வளரும் உண்ணிச்செடியை அகற்றி, அதனை விறகாகப் பயன்படுத்தலாம். தோட்டங்களில் கவாத்துக் காலத்தில் கிடைக்கும் குச்சிகளை ஊர்க் குடும்பங்களுக்கு வழங்கத் தோட்ட உரிமையாளர்களுடன் உடன்பாடு செய்துகொள்ளலாம். மகளிர் தன்னுதவிக் குழுவின் சிறுகடன்வழி உருளை நிரப்பும் தொகையைப் பகுத்துச் செலுத்தலாம். பல ஊர்களுக்குப் பொதுவான இடத்தில் உருளைகளை இறக்கி வழங்குமாறு முகமையிடம் கோரலாம். விறகு தேவைப்படும் வேலைகளுக்குப் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை அமைத்து, அதனைப் பழுதுபார்க்க ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாம்.

இங்கு மேலும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எரிவாயு முழுமையாக வந்துவிட்டால் மக்கள் காட்டிற்குள் செல்வது குறையும். அதனால் காட்டின்மீது சுமை குறையும் என்பது உண்மையே. ஆனால், காட்டிற்குள் செல்லாதவர் காட்டைக் கவனிப்பதும் குறையும். கோடையில் எழும் தீயை முதலில் காண்பவர், சுள்ளி பொறுக்கச் சென்றவராகவே பெரும்பாலும் இருப்பார். விறகின் தேவை குறையும் காலத்தில், காட்டோடு மக்களைப் பிணைக்கும் வேறு பயன்கள் வலுப்பெற வேண்டும். தேன், கடுக்காய், மூலிகை ஆகியவற்றுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்வழி நியாயமான விலை கிடைப்பதும், சிறுவனப் பொருள்கள்மீது உறுதியான உரிமை இருப்பதும் அதற்கு உதவும். அடுப்பு காட்டைச் சாராத நாளிலும், ஊர் காட்டைச் சார்ந்தே இருக்கும். ஊற்றுநீரும் மழையும் மண்ணும் அங்கிருந்தே வருகின்றன.

இவை யாவற்றிலும் பெண்களின் குரல் முன்னிற்றல் இன்றியமையாதது. குழுவின் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. கூட்டம் எந்நேரத்தில் நடக்கிறது, சமையல் வேலை முடிந்து அவர்கள் வர முடிகிறதா, அவர்கள் சொன்னது தீர்மானத்தில் எழுதப்படுகிறதா என்பவற்றைப் பொறுத்தே அக்குழுவின் உண்மைத்தன்மை அமையும். எந்த மரம் விரைவில் எரியும், எது நின்றெரியும், எது மிகுதியாகப் புகையும், எந்தச் சரிவில் சுள்ளி அருகிவிட்டது என்பனவற்றை எந்த அளவைக் கருவியும் இல்லாமல் அறிந்தவர்கள் அவர்களே. அவ்வறிவு திட்டத்திற்குள் இடம்பெறும்போது காடும் தழைக்கும். சமையலறையில் மூச்சும் எளிதாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் ஐந்து வீடுகளில் பயன்படும் எரிபொருள்களைக் கேட்டறிந்து, எந்தச் சமையலுக்கு எதனைப் பயன்படுத்துகின்றனர் என அட்டவணைப்படுத்துக.

2. பாடத்திலுள்ள கணக்கைப் பின்பற்றி, அடுப்பின் திறன் 25 விழுக்காடாக உயர்ந்தால் ஓர் எரிவாயு உருளைக்கு ஈடாக எவ்வளவு விறகு தேவைப்படும் எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

3. ‘காட்டைக் காக்கத் தடை வேண்டுமா, உரிமை வேண்டுமா?’ என்னும் தலைப்பில் கிராம சபைக் கூட்டம் ஒன்றை வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

4. சுள்ளி, மிலாறு, விறகு, கட்டை, வரட்டி முதலிய எரிபொருள் சார்ந்த சொற்களை உங்கள் வட்டாரப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதுக.